ஒரே பக்கம் பார்த்த பூச்சிகள்

சுவரில் இருந்த பூச்சிகள் அத்தனையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பூச்சி என்றால் கண்டபடி ஊரும், பறக்கும், விளக்கில் போய் முட்டும். இவை அசையவே இல்லை. பழுப்பு நிறம், கேடயம் மாதிரி ஐந்து மூலை முதுகு, மீசையில் வெள்ளை வளையம். நாற்றப் பூச்சியேதான், சந்தேகமில்லை. ஒவ்வொன்றின் தலையும் கொசுவலை போட்ட காலித் தொட்டிலை நோக்கியிருந்தது.

அக்காவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு எரிச்சல்தான் வந்தது. பத்து வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளையோடு தங்கை இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். பிள்ளை பிறந்து நாலு நாள்தான் ஆகிறது. "ரூமை நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்று வீறாப்பாகச் சொன்னது இவள்தான். இரண்டு நாளாகச் சோப்புத் தண்ணீர் டப்பாவை அடியில் பிடித்து, பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டி விழவைத்ததில் முதுகு விட்டுப்போயிற்று. நேற்று வெளிப்பக்கம் ஏணி போட்டு ஏறி, ஜன்னல் சட்டம், சுவர் விரிசல், குழாய் ஓரம் என்று எறும்பு நுழையும் சந்துகூட விடாமல் பசை வைத்து அடைத்தாள். இன்று பார்த்தால் நேற்றைவிட மூன்று மடங்கு!

பூச்சிமருந்து அடிக்கிறவரைப் போனில் பிடித்தாள்.

"வெளிப்பக்கம் அடைச்சிட்டீங்களா? இப்பவா?"

"ஒரு ஓட்டை விடலை சார்."

"குளிருக்கு முன்னாடியே அடைக்கணும்மா. இப்போ அதுங்க சுவருக்குள்ள குடியேறியாச்சு. வெளிய போற வழியை அடைச்சா வீட்டுக்குள்ளதானே வரும்?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஏன் சார் ஒரே பக்கம் பார்க்குது?"

"வெளிச்சத்தைப் பார்க்கும். நசுக்கிடாதீங்க, நாத்தம் தாங்காது. நாளைக்குக் காலைல வரேன்."

ஆனால் வெளிச்சம் வந்த ஜன்னல் பூச்சிகளுக்குப் பின்பக்கம் இருந்தது.

அவள் தொட்டிலை எதிர் மூலைக்கு இழுத்துப்போனாள். அப்போது பின்னால், யாரோ சருகின்மேல் பதுங்கிப் பதுங்கி நடப்பது போல ஒரு சரசரப்பு எழுந்து, சுவர் முழுக்கப் பரவி, சுவருக்குள்ளும் இறங்கி, தரைக்குக் கீழே எங்கோ போய் அடங்கியது. திரும்பினாள். அத்தனை தலையும் எதிர் மூலைக்குத் திரும்பியிருந்தது.

"சனியனே!" செருப்பைக் கழற்றி ஓங்கி அடித்தாள். ஒன்று நசுங்கியது. அழுகின கொத்தமல்லி நாற்றம் கையில், மூக்கில், தொண்டையில் ஏறியது.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் தங்கை, மார்போடு அணைத்த துணி மூட்டையுடன். "நிக்க முடியலக்கா. தையல் இழுக்குது. இவனைப் பிடி."

"இந்தக் கையோட தொட மாட்டேன். ஹால்லயே உட்காரு. அந்த ரூமுக்குள்ள போகாதே, சுவர் பூரா பூச்சி. கை கழுவிட்டு ஓடி வரேன்."

ஒரு தடவை சோப்புப் போட்டாள். போகவில்லை. மறுபடியும் போட்டாள். போகவில்லை. பாழாய்ப்போன கை!

திரும்பி வந்தபோது தங்கை சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மடி காலி.

"பிள்ளை எங்கடி?"

"தொட்டில்ல போட்டேன். சும்மா பயமுறுத்தினியேக்கா. ரூம் பளிச்சுனு இருக்கு, ஒரு பூச்சிகூட இல்ல."

அக்கா ஓடினாள்.

சுவர் சுத்தம். கூரை சுத்தம். ஜன்னல் சுத்தம்.

தொட்டில்மேல் போட்டிருந்த வெள்ளைக் கொசுவலை பழுப்பாகியிருந்தது. விரல் வைக்க இடமில்லை. எல்லாத் தலையும் உள்பக்கம்.

உள்ளே, நாலு நாள் பிள்ளை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.