அலமாரி வாசலில் ஒரு செருப்பு

உள்ளே ஆள் உண்டா என்று குரல் கொடுக்கிறீர்கள், உண்டு என்று பதிலும் வருகிறது, எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

மெரேசெய்னி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய ரப்பர் செருப்பு, ஆண்பிள்ளை அளவு. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே திறந்திருந்த சந்தின் வாசலில், நுனி உள்பக்கம் பார்க்க, ஒழுங்காக விட்டிருந்தது. உள்ளங்கால் படும் இடத்தில் கனமாகத் தூசி.

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறை அது. அரசாங்க வெளியீடுகள் எல்லாம் அங்கேதான். அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடும். பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு சந்துதான் திறக்கும். அவளுக்கு வேண்டிய சந்து திறக்க, செருப்பு கிடக்கும் சந்தை மூட வேண்டும்.

மேலே கவுன்டரில் இருந்த நூலகர் ராமேந்திரா சொல்லித்தான் அனுப்பினார்.

"நிலத்தைப் பத்தி ஏதாச்சும் இருக்கான்னு கேட்டா, எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும் தங்கச்சி. எந்த டிபார்ட்மென்ட் போட்டுச்சு, எந்த வருஷம், அதைச் சொல்லு."

"கெஜட் அண்ணே. எங்க கடற்கரையை ஏர்ஸ்ட்ரிப்புக்கு எடுத்த வருஷம். வேலை முடிஞ்சா திருப்பித் தர்றோம்னு அதுல போட்டிருக்காம். அப்பா சொல்லிட்டே இருப்பாரு."

"அவரைக் கூட்டிட்டு வரவேண்டியதுதானே?"

"போன மாசம் புதைச்சோம்."

அவர் படிக்கட்டுப் பக்கம் கை காட்டினார். "சரி, கீழ போ. சந்துக்குள்ள நுழையறப்போ செருப்பை வாசல்ல விட்டுடு, உள்ள ஆள் இருக்குன்னு அதான் அடையாளம். சக்கரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி குரல் குடு. உள்ள இருக்கிறவங்க ரெண்டு தட்டு தட்டுவாங்க. யாரையாச்சும் அப்பளமாக்கிட்டேன்னா ரிப்போர்ட் எழுதறது நான்தான்."

மறுநாள் காலையில் அந்த நிலத்தைப் பற்றிய விசாரணை. கெஜட்டில் அந்தப் பக்கம் கிடைக்காவிட்டால் கடற்கரை ஹோட்டல்காரனுக்குப் போய்விடும். அப்பாவின் குழியும் அந்த மண்ணில்தான். இதையெல்லாம் நினைத்தபோதும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. புதைத்த நாளிலிருந்து அப்படித்தான். வாயில் வைக்கிற கிழங்குக்குக்கூட ருசி இல்லை.

"யாராச்சும் உள்ள இருக்கீங்களா?"

டக். டக்.

காத்திருந்தாள். மேலே மழை பிடித்துக்கொண்டு அடிக்க, ஈரச் சுண்ணாம்பும் பழைய பசையும் பூச்சி மருந்தும் கலந்த வாடை சுவரிலிருந்து மெல்லக் கசிந்து வர, ட்யூப்லைட் ஒன்று விட்டுவிட்டு ரீங்கரிக்க, அந்த ஆள் வெளியே வருவான் வருவான் என்று சக்கரத்தின் குளிர்ந்த கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். வரவில்லை. தலையை நீட்டிப் பார்த்தாள். கடைசிச் சுவர் வரை வெளிச்சம். யாருமில்லை.

மறுபடி கேட்டாள்.

டக். டக். சந்தின் நடுவிலிருந்து. தோள் உயரத்தில்.

தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று நினைத்தாள். மேலே நூலகம் மூடும் மணி அடித்தது.

"துலோ," என்றாள் பழக்கத்தில். அடுத்தவர் சாமானைத் தொடும்போது அனுமதி கேட்கிற வார்த்தை. செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். சக்கரத்தைச் சுற்றினாள். அலமாரி லேசாக ஓடியது. முழுதும் மூடிக்கொள்ளக் கொஞ்சம் இருக்கையில் நின்றுவிட்டது.

இரும்பில் இடிக்கவில்லை. வேறு எதிலோ.

மெத்தென்று.

தோளைக் கொடுத்து அழுத்தினாள். கொஞ்சம் தாங்கியது. பிறகு விட்டுக்கொடுத்தது. சந்து மூடிக்கொண்டது.

அவளுடைய சந்து திறந்தது. செருப்பை வாசலில் விட்டு நுழைந்தாள். கெஜட் கிடைத்தது. பக்கமும் கிடைத்தது. அப்பா சொன்ன அதே வாசகம். சந்தோஷம் வரவில்லை.

அலமாரிக்குப் பின்னாலிருந்து.

டக். டக்.

கோபமில்லை. அவசரமில்லை.

கெஜட் தொகுதியை மார்போடு அணைத்து, செருப்பைக் கையில் பிடித்து, வெறுங்காலோடு படியேறினாள்.

ராமேந்திரா நகல் எடுத்து முத்திரை குத்தினார். "என்ன, அப்பளம் ஏதாச்சும்?"

"கீழ வேற யாராச்சும் இருக்காங்களா அண்ணே? ஒரு ரப்பர் செருப்பு கிடந்துச்சு."

முத்திரை அவர் கையில் அப்படியே நின்றது. "நீ அதை எடுக்கலையே?"

"எடுக்கல."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தை நீட்டினார். "நேரா வீட்டுக்குப் போம்மா."

நகரத்தின் ஓரம் நபுவாவில் அவளுக்கு வாடகை அறை. தனியாகத்தான் இருந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கதவைத் தாழிட்டு, சாப்பிடாமல் படுத்தாள்.

மறுநாள் காலை விசாரணைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தாள். வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் செருப்பு இருந்தது. நுனி வீட்டுக்குள் பார்த்திருந்தது. உள்ளங்கால் படும் இடத்தில் தூசி இல்லை.