விரிசல் திறக்காத காலை

அன்று காலை விரிசல் திறந்திருக்கவில்லை.

கையிலிருந்த காபி ஆறிப்போகும்வரை ரலிட்சா கிழக்குச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். ஏழு வாரமாக ஒரே கதைதான். மாலையில் ஸ்தாமென் மேஸ்திரி சுண்ணாம்புச் சாந்தில் ஆட்டுமுடி கலந்து பூசிவிட்டுப் போவார். மறுநாள் வந்து பார்த்தால் தரையிலிருந்து கூரைவரை விரல் நுழையும் அளவுக்குச் சுவர் பிளந்து கிடக்கும். இன்று மயிரிழைக் கோடுகூட இல்லை. சாந்து வழவழவென்று ஈரம் மின்ன, நனைந்த கல்லும் புளித்த பாலும் கலந்தது போன்ற ஒரு வாடையோடு, யாரோ உள்ளேயிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல அசையாமல் நின்றது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

பிளவ்திவ் நகரத்துக் குன்றின் மேல் புகையிலை வியாபாரி ஒருவர் நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு அது. பழைய வீடுகளின் வரைபடமும் அவற்றில் வாழ்ந்தவர்களின் கதைகளும்தான் ரலிட்சாவுக்குப் பதினோரு வருஷமாகப் பிழைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, எந்த வீட்டில் எந்தப் பெண் யாரோடு ஓடிப்போனாள் என்பது மட்டும் தெரியும் என்று தம்பி கலோயான் கேலி செய்வான். இப்போது பழுதுபார்க்கக் கையில் எடுத்திருக்கும் இந்த வீடு அவளுக்குச் செல்லம். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. விரிசல் இருந்தால் இடித்துவிடுவார்கள்.

விரிசல் தொடங்கியதற்கு அவளே காரணம் என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். ஏப்ரலில் அந்தச் சுவரின் அடியைத் திறந்தபோது ஒரு மண்கலயம் கிடைத்தது. உள்ளே இரண்டு முனையிலும் மெழுகு வைத்து அடைத்த நாணல் குச்சி. பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது நிழலின் அளவு. அந்தக் காலக் கொத்தனார்கள் தெருவில் போகிற யாருடைய நிழலையாவது தெரியாமல் அளந்து, அந்த அளவைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுவார்கள். அளக்கப்பட்ட ஆள் நாற்பது நாளுக்குள் இறந்து, அந்த வீட்டின் தலாசம் ஆகிவிடுவான், காவல் ஆவி. வீடு விழாது. இந்த வீட்டின் தலாசம் ரொட்டி விற்க வந்த ஒரு பெண் என்று சுற்றுலாக்காரர்களிடம் ரலிட்சாவே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கேட்பவர்கள் பயந்தது போல நடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குச்சியைப் பஞ்சில் சுற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தாள். அடுத்த வாரம் சுவர் பிளந்தது.

"இத்தன வருசமா அவதான் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருந்தா," என்பார் ஸ்தாமென். "நீங்க அவள அனுப்பி வச்சிட்டீங்க. இப்ப வீட்ட யாரு பிடிக்கிறது?"

"அஸ்திவாரம் பிடிக்கும்ணே. அதுக்கு உங்கள மாதிரி சம்பளம்கூட வேணாம்," என்று சிரிப்பாள்.

அன்று ஸ்தாமென் வாசலில் வந்து நின்றார், சுவரைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "நேத்து நான் டீக்கு போனப்ப யாரு வந்தா?"

"தம்பிதான். சாப்பாடு கொண்டாந்தான்."

சொல்லும்போதே நேற்றைய கயிறு ஞாபகம் வந்தது. நேற்று மதியம் அவளுடைய அளவுக் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அறிக்கைக்குச் சுவரின் உயரம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வழிதான்: ஓர் ஆளை வெயிலில் நிற்கவைத்து அவன் நிழலை அளந்து, சுவரின் நிழலையும் அளந்து கணக்குப் போட வேண்டியது. டாக்ஸி ஓட்டுகிற கலோயான் வழக்கம்போல மோதிர விரலால் கதவில் மூணு தட்டுத் தட்டிவிட்டு வந்தான், பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா அடைப் பார்சலையும் மோரையும் நீட்டினான். அவனை வெயிலில் நிறுத்தினாள்.

"வயித்த உள்ள இழுத்துக்கட்டுமா? நிழல்லயாச்சும் ஒல்லியா தெரியட்டும்."

"ஆடாம நில்லுடா எரும."

சணல் கயிற்றால் அளந்தாள். இரு முனையிலும் முடிச்சுப் போட்டாள். கணக்கெழுத உட்கார்ந்தபோது கயிற்றைச் சாரப் பலகையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது.

பலகை காலி.

"அண்ணே, இங்க ஒரு கயிறு இருந்துச்சே."

அவர் தொப்பியைக் கையில் திருகினார். "பெரிய விரிசல்னா சணல திணிச்சுத்தானே பூசுவோம். அதுக்குத்தான் எடுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்." பிறகு தணிந்த குரலில், "சுவர்கிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா, ஆர்க்கிடெக்ட் அம்மா?"

"சுவர்கிட்டயா? எனக்கென்ன பைத்தியமா?"

சொல்லியிருந்தாள். தம்பி போன பிறகு, யாருமில்லாதபோது, சுவரில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே, எது வேணும்னாலும் எடுத்துக்கோ, நின்னா போதும் என்று சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கே உடைச்சி எடுத்துடறேன்," என்றார் ஸ்தாமென்.

அவள் சுவரைப் பார்த்தாள். அவ்வளவு அழகாக நின்றது. "வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போகட்டும்ணே."

குழு வந்தது. தட்டிப் பார்த்தது, மெச்சியது, கையெழுத்துப் போட்டது. சாந்து இறுக வேண்டும் என்று அவள் இன்னொரு வாரம் தள்ளினாள். அப்புறம் பெயர்ப்பலகை திறக்க நாள் குறித்தார்கள்; அதுவரை எப்படி உடைக்க முடியும்? மூட நம்பிக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஸ்தாமென் ஒருநாள் கூலி வாங்காமலே நின்றுவிட்டார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "நாள எண்ணிக்கிட்டிருங்க."

அவள் எண்ணவில்லை. ஆனால் எண்ணிக்கை தானாக நடந்தது.

பதினான்காம் நாள் கலோயான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தான். ஜூலை மாதம், லிண்டன் மரத்து மணம் தெருவெல்லாம் தேனாய் வழிகிற வெயில். "ஏசிக்குள்ளயே இருக்கறேன்ல, ஒடம்பு சூட்ட மறந்துடுச்சு," என்றான். இருபத்தைந்தாம் நாள் பாதி பனிட்சாவை வைத்துவிட்டான். அவன் தட்டில் மிச்சம் வைத்து அவள் பார்த்ததே இல்லை. முப்பத்தொன்றாம் நாள் அவள் வரைபட அறையில் தனியாக இருந்தபோது மூன்று தட்டல் கேட்டது. "வாடா," என்று கதவைப் பார்த்தாள். கதவு அகலத் திறந்திருந்தது. முற்றத்தில் யாருமில்லை. மறுபடி மூன்று. கல்லில் மோதிரம் படுகிற சத்தம், மெதுவாக, கிழக்குச் சுவரின் உள்ளிருந்து. அவள் பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஸ்டாண்டுலதான் இருக்கேன். ஏன்க்கா மூச்சு வாங்குது?" கொஞ்சம் நிறுத்தி, "ஒரு கூத்து சொல்லட்டா? கண்ண மூடினா வாயில சுண்ணாம்பு ருசி வருது," என்றான்.

அன்றைக்கே உடைத்திருக்க வேண்டும். பலகைத் திறப்புக்கு ஒன்பது நாள் இருந்தது.

நாற்பதாம் நாள் விடியலில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தாள். பத்து மணிக்கு விழா. நாசமாய்ப் போகட்டும் விழா. முந்தின இரவு கலோயான் போனில் பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டான். அதுவும் எண்ணி எண்ணி விட்டான். தன்னோடு இருக்கட்டும் என்று அவனையும் அழைத்து வந்து, கோட்டுப் போர்த்தி, முற்றத்துப் பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் சூடான காபிக் குவளையைக் கொடுத்தாள்.

"வீடு நல்லாருக்குக்கா," என்றான். "பலகைல என் பேரும் போடு. சாப்பாடு சப்ளைன்னு."

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

முதல் அடிக்குச் சாந்து உதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. மேலே உத்திரம் ஒன்று முனகியது. சாந்துக்குள் சணல் முடிச்சு தெரிந்தது. தொட்டாள். சூடாக இருந்தது, உடம்பு சூடு.

இழுத்தாள்.

"அக்கா." பின்னாலிருந்து அவன் குரல். "இழுக்காத. வலிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கடா. கொஞ்சந்தான்."

ஒரு சாண் வந்தது. குவளை கல்லில் விழுந்து உடையும் சத்தம். இன்னும் ஒரு சாண். கயிறு நின்றது. அவள் காலைச் சுவரில் ஊன்றி, கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

உள்ளேயிருந்து இழுத்தது.

ஒரே இழுப்பு. முடிச்சு அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. உடைத்த ஓட்டையில் கயிறு இல்லை. ஈரமான கல் மட்டும்.

குன்றுக்கு அப்பால் சூரியன் ஏறியது. முற்றத்தில் எல்லாவற்றுக்கும் நீளநீளமாய் நிழல் விழுந்தது: வாதுமை மரத்துக்கு, வாளிக்கு, பெஞ்சுக்கு. பெஞ்சில் கலோயான் தலையைச் சாய்த்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பெஞ்சின் நிழலில் அவன் இல்லை.

"கலோ."

மூன்று தட்டல். அவளுக்குப் பின்னால், சுவரிலிருந்து.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். வெளுத்த சாந்தின் மேல், விரிசல் இருந்த இடத்தில், கோட்டுப் போட்ட ஒருவனின் நிழல் முழு உயரத்துக்கு நின்றது. கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கூரை உத்திரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. பாரத்தில் முழங்கைகள் நடுங்கின.

நிழல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.