கண்ணாடி ஓரத்துக் கீறல்

அவளுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது காரை அல்ல... கீறலை.

முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த சட்டத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. மற்றபடி மாசு மருவில்லாத நீலம். மழைக்குச் சற்று முன் வானம் ஒரு நிறத்துக்கு வருமே, அந்த நீலம். கார் பெயின்ட் கலக்கும் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் அவள். எந்த நிறத்தைப் பார்த்தாலும் எந்த டப்பாவில் எத்தனை சொட்டு என்று மனம் தானாகக் கணக்குப் போடும். இன்று போடவில்லை.

“மார்க் போட வந்தவங்க கோட்டையே பார்த்துட்டு நிக்கறீங்களே... காரையும் கொஞ்சம் பாருங்க.”

நிமிர்ந்தாள். அதே கண்கள். உதட்டுக்குத் தகவல் போவதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள்.

“சௌக்கியமா, வைப்பர் மேடம்?”

“ஐயோ, அப்படிக் கூப்பிடாதீங்க... அப்பா அங்கதான் இருக்கார்.”

“சரிங்க வைப்பர்... சரி, வெறும் மேடம்.”

போன வருடப் பழைய கார் கண்காட்சி. முடிவில் எல்லாக் கார்களும் நகரத்தைச் சுற்றி ஊர்வலமாகப் போகும். திருப்பத்தில் கொடி பிடித்து வழிகாட்டுவது அவள் வேலை. திடீரென்று மழை... நடுத்தெருவில் இந்த நீலக் காரின் வைப்பர் நின்றுபோனது. பின்னால் முப்பது கார்களின் ஹாரன். “ஏங்க, கொஞ்சம் உதவுவீங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியல!” என்று இவன் கத்த, என்ன நினைத்தாளோ, பக்கத்து சீட்டில் ஏறிவிட்டாள். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, கொடித் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“என்ன வேலை பார்க்கறீங்க?” என்று மழையில் கத்திக் கேட்டாள்.

“மூக்குக்கண்ணாடிக் கடை!”

“ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கறீங்க... உங்களுக்குத் தெரியலையே!”

அவ்வளவு சிரிப்பு... அந்தச் சிரிப்பில்தான் அவள் வாட்ச் கொக்கி சட்டத்தில் உரசியது. கண்காட்சி மைதானம் வந்ததும் அப்பாவின் குரல் கேட்டு இறங்கி ஓடினாள். பெயர்கூடச் சொல்லவில்லை.

அப்பா இந்தக் கண்காட்சியின் தலைமை நடுவர். போட்டியாளர் கையால் ஒரு தேநீர்கூடக் குடிக்காதவர். நடுவர் வீட்டு ஆட்கள் போட்டிக் காரில் ஏறக் கூடாது என்பது அவரே போட்ட விதி. மழையில் எப்படி வந்தாய் என்று அவர் கேட்டபோது, ‘அமைப்பாளர் வேன்ல வந்தேன்ப்பா’ என்று சொல்லிவைத்திருந்தாள். இந்த வருடம் அவள் கையிலேயே பெயின்ட் பிரிவின் மதிப்பெண் தாளைக் கொடுத்திருக்கிறார்.

“இதை ஏன் சரி பண்ணாம விட்டீங்க? ஒரு மணி நேர வேலை” என்றாள்.

“தெரியும். ஆனா ஒரு விதி இருக்கே... நம்ம ஊர்வலத்துல பட்ட கீறலுக்கு மார்க் குறைக்கக் கூடாது. நேர்ல பார்த்த ஒருத்தர் பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.” தலையைக் குனிந்துகொண்டான். “உங்க பேரு தெரியாது, வீடு தெரியாது. கீறல் இருந்தா கையெழுத்து வேணும்... கையெழுத்துக்காகத் தேடலாம். கிடைச்சா, பேராவது தெரியுமில்ல?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஒரு வருடமாக ஒருத்தன் ஒரு கீறலைத் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்திருக்கிறான்...

“பின்னாடி நிக்கறது என் அண்ணன்” என்று மெல்லச் சொன்னான். “வண்டி அவர் பேர்ல இருக்கு. முதல் பரிசு வாங்கினா நீயே வச்சுக்கோ, இல்லேன்னா இன்னைக்கே வித்துடுவேன்னுட்டார். ஒரு ஓட்டல் முதலாளி வாசல்ல அழகுக்கு நிறுத்தக் கேக்கறார். இந்த வண்டி ஓடணுங்க... நிக்கக் கூடாது.”

அவள் பேனாவைத் திறந்தாள். அப்போதுதான் அப்பா வந்தார்.

“என்னம்மா, இங்க கீறல் இருக்கே?”

“போன வருஷ ஊர்வலத்துல பட்டது சார்” என்றான் அவன்.

“அப்படியா? பார்த்தவங்க யாரு?”

ஒரு சொல்தான். ‘நான்.’ இரண்டு எழுத்து. சுற்றிலும் மற்ற நடுவர்கள் நின்றிருந்தார்கள். அப்பாவின் சட்டைப் பையில் நடுவர் சின்னம் பளபளத்தது. சொன்னால், இத்தனை வருடம் யாரும் விரல் நீட்டாத மனிதரைப் பார்த்து, சொந்த மகளால் நாலு பேர் சிரிப்பார்கள்...

அவள் தாளைப் பார்த்துக் குனிந்தாள். குனிந்தபடியே இருந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சொன்னான்.

“யாரும் இல்ல சார். தனியாத்தான் வந்தேன்.”

“அப்ப ரெண்டு மார்க் குறைச்சுக்கோம்மா” என்று அப்பா நகர்ந்துவிட்டார். அவள் கையே அதை எழுதியது.

மதியம் முடிவு வந்தது. நீலக் கார் இரண்டாம் இடம். ஒரே ஒரு மார்க் வித்தியாசம்.

மாலை ஊர்வலத்தில் அவன் கடைசியாக அந்தக் காரை ஓட்டினான். மழை வந்தது. புது வைப்பர் ஒழுங்காக, இரக்கமில்லாமல் ஓடியது. பக்கத்து சீட் காலி. திருப்பத்தில் கொடியோடு நின்றவளைத் தாண்டும்போது அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

கொடியைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினாள். நனைந்து, மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நின்றாள்.

“எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு மழையிலிருந்தே. காலையில பயந்துட்டேன்...”

“எனக்கும்தாங்க. அதனாலதான் யாரும் இல்லேன்னு சொன்னேன்.” அவன் கண்கள் சிரிக்கவில்லை. “ஆனா நீங்க குனிஞ்சீங்க பாருங்க... கண்ணை மூடினா அதுதான் வருது. எப்பப் போகும்னு தெரியல.”

அவள் வாயைத் திறப்பதற்குள் ஓட்டல் முதலாளி குடையோடு வந்துவிட்டார். பின்னாலேயே அண்ணனும், கை குலுக்க அப்பாவும். சாவி கை மாறியது. முதலாளி காரைச் சுற்றி வந்து, சட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

“இது என்ன கீறல்? போகட்டும், நாளைக்கே பாலிஷ் போட்டு எடுத்துடலாம்.”

“வேண்டாங்க... விட்டுடுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். முதலாளி சிரித்தார். “உனக்கென்னம்மா அதுல?”

அவள் இந்த முறை குனியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“அது நான் போட்டது. போன வருஷம் இந்தக் கார்ல நானும் இருந்தேன்ப்பா.”

அப்பாவின் கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. சின்னத்தைக் கழற்றினார். 

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பகல் முழுதும் தாமதித்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு அவன் கண்கள் நனைந்திருந்தன. மழையாகவும் இருக்கலாம்...

அவன் அவள் பெயரைக் கேட்பான் என்று காத்திருந்தாள்.

நீலக் கார் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.