கையால் தொடக்க வேண்டியது

சனிக்கிழமை மத்தியானம், பரமட்டாவில் தான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் பின்னறைக் கதவைத் திறந்த சிவனேஸ்வரிக்கு முதலில் வந்தது கோடாலித் தைல வாசம். அறையில் யாரும் இல்லை. மேசைக்குக் கீழே பழைய கம்ப்யூட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

அதில் ஓடும் ஓர் இணையப் பட்டியலை நிறுத்தத்தான் வந்திருந்தாள். முதலாளி நரசிம்மனின் உத்தரவு.

வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் அடைபட்டவர்களை ஞாயிறுதோறும் யார் போய்ப் பார்ப்பது என்ற பட்டியல் அது. உள்ளே இருப்பவர்கள் தங்கள் பெயரைப் போடுவார்கள். போகிறவர்கள் பக்கத்தில் தங்கள் பெயரைச் சேர்ப்பார்கள். அதைச் செய்தவர் இதே அலுவலகத்தில் வேலை பார்த்த, எந்நேரமும் கோடாலித் தைலம் மணக்கும் வரதராஜா. ஒருகாலம் அதே முகாமில், பார்க்க ஆளில்லாமல் கிடந்தவர். மார்ச்சில் மாரடைப்பில் போய்விட்டார்.

ஒரு சங்கதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. முன்னால் நிற்கும் வெப் சர்வர் வாசற்காரன் மாதிரி. கேட்பதை வாங்கிப் பின்னால் கொடுப்பான், அவ்வளவுதான். பட்டியலை எடுத்துத் தருவது பின்னால் தனியாக ஓடும் பிஎச்பி என்ற புரோகிராம். கரண்ட் போய் வந்தால் முன்னவன் தானாக எழும்புவான். பின்னதை ஒருவர் கையால் தொடக்க வேண்டும். வரதராஜா வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்.

"ஒராள் ஞாபகம் வைச்சு வரட்டும்," என்பார்.

சிவனேஸ்வரி கம்ப்யூட்டரின் பதிவைப் பார்த்தாள். ஜூனில் கரண்ட் போயிருக்கிறது. மூன்றே நிமிடத்தில் பிஎச்பி ஓடத் தொடங்கியிருக்கிறது.

தொடக்கியவர்: வரதராஜா.

அவர் பெயரில் நுழையும் பாஸ்வேர்ட் அவரோடு போனது.

பிஎச்பியை நிறுத்தினாள். போனில் பட்டியல் மறைந்து, பின்னால் பதில் இல்லை என்று சொல்லும் 502 என்ற பிழை வந்தது.

தைல வாசம் நெருங்கியது.

கதிரை கிரீச்சிட்டது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கீபோர்டில் ஒரு கட்டை தாழ்ந்தது. பிறகு இன்னொன்று.

"வரதண்ணை," என்றாள், மூச்சாக.

பட்டியல் திரும்பி வந்தது. கடைசி வரியில் பாஸ்கர். பதினோரு மாதமாக உள்ளே. அவன் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை.

போன் அடித்தது. நரசிம்மன்.

"என்ன சிவா, ஆஃப் பண்ணியாச்சா? கவர்மென்ட் கான்ட்ராக்ட் வர்ற நேரம், இந்த லிஸ்ட் அவங்க கண்ணில பட்டா போச்சு."

"நிப்பாட்டினனான் சேர். திரும்பத் தொடங்கிட்டுது."

"அப்ப திரும்ப நிறுத்துங்க. பேய் ஓட்டவா சம்பளம் தர்றேன்?"

அவள் குரல் நடுங்கவில்லை.

"மாட்டன். இனி நின்றால் நான்தான் தொடக்குவன். திங்கள் வேலை இல்லையெண்டால் இல்லை."

பாஸ்கருக்குப் பக்கத்தில் தன் பெயரை அடித்தாள்.

அரைமணியில் நரசிம்மனே வந்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். முனகல் நின்றது. "முடிஞ்சுதா?" என்றார்.

சிவனேஸ்வரி போனை நீட்டினாள். பட்டியல் அப்படியே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பாஸ்கரின் வரியில், அவள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுத்தெழுத்தாக விழுந்தது. வயரைக் கீழே போட்டுவிட்டு அவர் வெளியே நடந்தார்.

மறுநாள் வில்லாவுட்டில் பாஸ்கர் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டிருந்தான்.

"மற்றவர் எங்க அக்கா? லிஸ்டில ரெண்டு பேர் எண்டு கிடந்தது."

சிவனேஸ்வரி ஒன்றில் உட்கார்ந்தாள்.

மற்றது கிரீச்சிட்டது.