வாய் திறக்கக் கூடாத கல்யாணம்

தெஸ்தூர் ஊரின் ஒரு தெருவில் அன்று ஒரு பொய்க் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மணப்பெண் பொய், மாப்பிள்ளை பொய், மாப்பிள்ளையின் மீசையும் பொய். வண்டியை இழுத்த கழுதை மட்டும் நிஜம்.

இயக்குநர் நாஜி பூஸ்லாமா தன் நான்காவது படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அதே தெருவில் பிறந்தவர்தான். முப்பது வருடங்களில் மூன்று படங்கள். மூன்றுக்கும் வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. மூன்றையும் தெஸ்தூரில் யாரும் பார்த்ததில்லை. கொளுத்தும் வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருப்பார். ஆசான் என்று பொருள்படும்படி ‘உஸ்தாத்’ என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்.

இதுதான் கடைசிக் காட்சி. பிடிக்காத கல்யாணத்துக்காக மணப்பெண் பிறந்த வீட்டை விட்டு வண்டியேறுகிறாள். தெருப் பெண்கள் வாயே திறக்காமல் நிற்க வேண்டும்.

“ஒரு சத்தம் வரக் கூடாது!” என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் உஸ்தாத். “வரலாறே மௌனமா நிக்கணும்!”

வரலாறு நின்றிருக்கும். தெஸ்தூர் பெண்களால்தான் முடியவில்லை. மணப்பெண்ணைக் கண்டதும் அவர்களுடைய நாக்கு தானாகச் சுழன்றது. முதல் முறை கசாப்புக்கடைக்காரர் மனைவி குலவை போட்டுவிட்டார். இரண்டாம் முறை மூன்று பேர்.

மூன்றாம் முறை எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மணப்பெண் படி இறங்கினாள்.

“லுலுலுலூ!”

அது பதினொரு வயது எம்னாவின் வாயிலிருந்து வந்தது.

“கட்! யார் அது?”

உஸ்தாத் பாய்ந்து வந்தார். எம்னாவுக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மஹ்பூபா பெரியம்மாவை நோக்கி விரலை நீட்டினார். “நீங்கதானே? வாயை மூடிக்கிட்டு நிக்கத் தெரியாதா? வெளியே போங்க!”

பெரியம்மா திரும்பி எம்னாவைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்; குலவை அவர் காதில்தானே வந்து விழுந்தது! ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்காமல், வெள்ளைப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, தெருவே பார்க்க நடந்து போனார். யாரோ சிரித்தார்கள்.

எம்னாவின் காது மடல்கள் சுட்டன. ‘நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தாள். அவ்வளவு வேகமாகச் சுழன்ற நாக்கு, இப்போது கல்லாகக் கிடந்தது.

“இன்னும் அரை மணி நேரம்தான் வெளிச்சம் இருக்கு, உஸ்தாத்,” என்றார் உதவியாளர் சாமி. “விடிஞ்சா கதாநாயகி ஊருக்குக் கிளம்பிடுவாங்க.”

“எல்லாம் அந்த மஹ்பூபாவால வந்தது,” என்றாள் ஒருத்தி. “சும்மாவா இருப்பா அவ?”

எம்னாவால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நேராக உஸ்தாத்தின் நாற்காலிக்குப் போனாள்.

“கையெழுத்தெல்லாம் அப்புறம்,” என்றார் அவர், திரும்பாமலே.

“கையெழுத்து வேணாம். குலவை போட்டது நான்.”

உஸ்தாத் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ அந்தம்மா?”

“சும்மாதான் நின்னாங்க. நீங்க திட்டினப்ப நானும் சும்மா நின்னேன்.”

எம்னா தன் செருப்பைப் பார்த்தாள். உஸ்தாத்தும் சிறிது நேரம் தன் செருப்பைப் பார்த்தார்.

“சாமி, போய் அவங்களைக் கூட்டிட்டு வா.”

“ஆள் அனுப்பினா வரமாட்டாங்க,” என்றாள் எம்னா. “தெருவே பார்க்கத்தானே திட்டினீங்க? தெருவே பார்க்க நாம ரெண்டு பேரும்தான் போகணும்.”

போனார்கள். பின்னாலேயே தெருவும் போனது. நீலக் கதவு சாத்தியிருந்தது.

“பெரியம்மா, நான் எம்னா. உஸ்தாத்தும் வந்திருக்காரு.”

“எந்த உஸ்தாத்து?” என்றது உள்ளிருந்து குரல். “எனக்குத் தெரிஞ்சது தச்சர் பஷீர் மகன் நாஜிதான். என் மாதுளை மரத்துல திருட்டுத்தனமா ஏறி, கால்சட்டை கிழிஞ்சு ஓன்னு அழுதானே, அவன்!”

தெரு முழுவதும் சிரித்தது. உஸ்தாத்தின் முகம் மாதுளை நிறத்துக்கு வந்தது.

“அவனேதான் பெரியம்மா. தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிருங்க.”

கதவு திறந்தது.

“தப்பு என்னோடது, பெரியம்மா,” என்றாள் எம்னா. “பயந்துட்டேன். தெரிஞ்சும் நீங்க ஏன் சொல்லலை?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன். ரொம்ப நேரமாக்கிட்டியேடி.”

திட்டியிருந்தால்கூட எம்னாவுக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

“சரி, நான் வரேன்,” என்றார் பெரியம்மா. “ஆனா பொண்ணைப் பாத்தா நானும் குலவை போட்டுருவேன். என்ன பண்ணுவே?”

எம்னா யோசித்தாள். கூடத்தில் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் இருந்தது.

“நாக்கைச் சுழற்ற வாயில இடம் வேணுமில்ல? ஆளுக்கு ரெண்டு பழம் வாயில அடக்கிக்கிட்டா?”

முதல் இரண்டை அவள் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு முயன்றாள். “ம்ம்ம்” என்றுதான் வந்தது.

பெரியம்மாவும் அவளும் தெருப் பெண்களுக்கு வரிசையாகப் பழம் கொடுத்துக்கொண்டே போனார்கள். பெரியம்மா முன்வரிசையில் நின்றார். வெளிச்சம் மங்குவதற்குள் மணப்பெண் படி இறங்கினாள். கழுதைகூடக் கத்தவில்லை. காட்சி முடிந்தது.

மறு வருடம் படம் வெளிவந்தது. தலைநகரப் பத்திரிகை எழுதியதை எம்னாவின் அம்மா தெருவில் உரக்கப் படித்தார்: “அப்பெண்களின் கன்னங்களில் நூறாண்டு மௌனம் விம்முகிறது!”

“நூறாண்டா?” என்றார் பெரியம்மா. “அந்த வருஷத்துப் பழம்டி அது!”

“இன்னும் இருக்கு, கேளுங்க. ‘பின்வரிசைச் சிறுமியின் முகத்தில்தான் என்னவொரு வெட்கம்! என்னவொரு நடிப்பு!’ நம்ம எம்னாதான்!”

எல்லோரும் கைதட்டினார்கள்.

“எப்படிடி நடிச்சே?” என்று கேட்டார் கசாப்புக்கடைக்காரர் மனைவி.

எம்னாவின் காது மடல்கள் மறுபடியும் சுட்டன.

“நடிக்கலை,” என்றாள் அவள், உடனே.