ஆறே முக்காலுக்கு ஒப்பாரி

கொலுசில் ஒரு மணி குறைந்திருந்தது.

மாமியார் ராயபுரத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கொலுசு அது. காலுக்கு ஏழு மணி என்று எண்ணித்தான் வாங்கி வந்தாளாம். குழந்தையின் வலது காலில் ஏழும் இருந்தன. இடது காலில் ஆறுதான். ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த கொக்கி மட்டும் தொங்கியது. ரகுபதி அந்தக் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தான். மறுபடியும் எண்ணினான். எத்தனை தடவை எண்ணினாலும் ஆறுதான் வந்தது.

"விடுங்க. இவரு இப்பவே எழுந்து ஓடப் போறாரா?" என்று நீலா சிரித்தாள். ஐந்து மாதக் குழந்தை தன் காலைத் தானே பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. மணிகள் சிணுங்கின.

ரகுபதிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கொலுசை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறான். எங்கே கேட்டோம் என்று யோசித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு பார்க்குக்குப் புறப்பட்டான்.

திருவொற்றியூர் பஞ்சாயத்து ஆபீஸில் அவன் குமாஸ்தா. கடற்கரைப் பக்கம் இருந்த பார்க்கில் ஊருக்குப் பொதுவாக ஒரு ரேடியோ வைத்திருந்தார்கள். சின்ன சிமெண்ட் அறை, அதற்குள் பூட்டிய மரப்பெட்டி, மேலே கம்பத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். பெட்டியின் சாவி ரகுபதியிடம். சாவி வந்த நாளிலிருந்து ஊரில் அவனுக்கு ஒரு மிடுக்கும் வந்திருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பட்டணத்து வானொலி நிலையத்திலிருந்து வரப்போகும் நிகழ்ச்சிகளின் அச்சடித்த தாள் வரும். அதைப் பார்த்து அவன் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிப்போடுவான்.

அன்று புதுத் தாள் வந்திருந்தது. ஆறு மணிக்குச் செய்திகள். ஆறே கால் மீனவர்களுக்குக் கடல் நிலவரம். ஆறரைக்கு நூல் அறிமுகம். அதற்குக் கீழே, பெட்டி கட்டி, புதுத் தொடர் என்று போட்டிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை, ஆறே முக்கால்: 'கடலோரக் கலைகள்'. முதல் நிகழ்ச்சி, தலைச்சன் பிள்ளைக்குத் தாலாட்டாய் ஓர் ஒப்பாரி. பாடுபவர் திருவொற்றியூர் குப்பம் கோவிந்தம்மா.

சாக்பீஸ் கையிலேயே ஒடிந்தது. கொலுசை எங்கே கேட்டான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

போன வருஷம் தை மாதம். வானொலி நிலையத்திலிருந்து கருணாகரன் என்ற அதிகாரி ஒலிப்பதிவு வண்டியோடு வந்திருந்தார். உண்மையான ஒப்பாரி வேண்டும், சினிமாக்காரி அழுகிற மாதிரி வேண்டாம் என்றார். ரகுபதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோவிந்தம்மாவின் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே முடியாது என்றுவிட்டாள்.

"சாவு வுயாத வூட்ல ஒப்பாரி எடுக்கக் கூடாது நைனா. யாருக்குன்னு அயறது? ஒரு ஆள் வோணும்ல?"

கருணாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரகுபதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றும் பெரிதாக இல்லை, உம்மால் ஆகாது போலிருக்கே என்ற அலுப்புதான். அது போதும். பத்து வருஷம் பஞ்சாயத்து ஆபீஸில் இருந்தவனுக்குப் பொய் சொல்ல மூச்சுக்கூட வாங்காது.

"எனக்காகப் பாடும்மா," என்றான். "தலைச்சன் பையன். பறிகொடுத்துட்டேன். ஊர்ல யாருக்கும் தெரியாது."

கல்யாணமாகி ஏழு வருஷம், நீலாவுக்கு வயிறு திறக்கவேயில்லை. இல்லாத பிள்ளை செத்தால் யாருக்கு நஷ்டம் என்றுதான் அவன் நினைத்தான். கோவிந்தம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் தலையில் கை வைத்தாள். "பாவி மகனே, இத்த மன்சுல வச்சிகினா இம்மாம் நாளா சிரிச்சிகினு கீற?" என்றாள். பிறகு கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

*ஏழு மணி வச்ச கொலுசு – என் ராசாவே
ஒத்த மணி போனதெங்கே*

அவள் நிஜமாகவே அழுதாள். மைக்கைப் பிடித்திருந்தவருக்குக்கூடக் கண் கலங்கியது. ரகுபதிக்கு மட்டும் உள்ளுக்குள் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம். கடைசிச் சரணம் தொடங்கும்போது கருணாகரன் தாகமாக இருக்கிறது என்று சைகை காட்டினார். அவன் சோடா வாங்க ஓடினான். திரும்பி வந்தபோது பாட்டு முடிந்து அவள் முடியை முடிந்துகொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் நீலாவுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

பழையதெல்லாம் ஒரு நிமிஷத்தில் வந்து போயிற்று. பலகையில் வெள்ளிக்கிழமைக்கான வரியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டு ரகுபதி வீட்டுக்குப் போனான். கொலுசைக் கழற்றி அரிசிப்பானைக்குள் போட்டான். மணி எங்கோ கழன்று விழுந்திருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது கொலுசு குழந்தையின் காலில் இருந்தது. தலையில் ஒரு குல்லா.

"என் கல்யாண ரவிக்கைத் துணி மிச்சம் இருந்துது. தைச்சேன். நல்லாக்கீதா?" என்றாள் நீலா.

பச்சைப் பட்டு.

*பச்சப்பட்டு குல்லா வச்சேன் – என் ராசாவே
பார்த்துக்க நீ இல்லையேடா*

அவன் குல்லாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். நீலா குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை. ஏழு வருஷம் காத்திருந்து பெற்றவளிடம் என்னவென்று சொல்வது? உன் பிள்ளையை அவன் பிறக்கும் முன்னே நான் சாகக் கொடுத்துவிட்டேன் என்றா? வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. விடிந்து பார்த்தால் குழந்தையின் தலையில் இன்னொரு பச்சைக் குல்லா இருந்தது. துணி நிறையவே மிச்சம் இருந்திருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் தீப்பெட்டிக் கம்பெனியின் சங்கு ஊதியபோது அவன் தொட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாளாக அங்கேயேதான். மூன்றாவது சரணம் அவனுக்கு நினைவிருந்தது. காதோரம் எறும்பு கடித்ததைப் பற்றியது. தொட்டில் கயிற்றில் மண்ணெண்ணெய் தடவியிருந்தான். தரையைக் கழுவி விட்டிருந்தான். சங்கு ஓய்ந்ததும் குழந்தை வீரிட்டது. வலது காதோரம் புள்ளியாகச் சிவந்து தடித்துக்கொண்டிருந்தது. எறும்பு எங்கும் இல்லை.

இனி ஒரு சரணம்தான் பாக்கி. அது அவனுக்குத் தெரியாது.

வெயில் தாழ்வதற்குள் குப்பத்துக்குப் போனான். கோவிந்தம்மா வாசலில் வலைக்குப் பக்கத்தில் மீனுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சரணம் என்ன என்று கேட்டான். கேட்ட வேகத்தில் குரல் கிறீச்சிட்டது.

"ஒப்பாரி இன்னா பள்ளிக்கூடத்துப் பாடமா, ஒப்பிக்கிறதுக்கு? வந்துச்சி, பாடுனேன், பூட்ச்சி."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?"

அப்போதுதான் சொன்னான். அன்றைக்குப் பிள்ளை எதுவும் சாகவில்லை, பிள்ளையே இல்லை என்று. கோவிந்தம்மாவின் கை உப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. அலை இரண்டு தரம் வந்து போயிற்று.

"அப்போ நான் யாருக்கு அயுதேன்?"

அவன் காலால் மணலைக் கிளறினான்.

"இப்போ வூட்ல கொயந்த கீதா?"

"அஞ்சு மாசம்."

"தலைச்சனா?"

தலையாட்டினான். அவள் கையை உதறி எழுந்தாள். வைவாள் என்று நினைத்தான், வைதிருந்தால் தேவலை. அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"பாதில வுட்டிருந்தா பரவால்ல. முச்சிட்டனே நைனா. நல்லா மன்சார அயுது முச்சிட்டனே." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆபீஸ் டெலிபோனில் கருணாகரனைப் பிடித்தான். நிகழ்ச்சியை நிறுத்த முடியுமா என்று கேட்டான்.

"விளையாடறீரா? பேப்பரில் அச்சாகிவிட்டது. தொடருக்கே அதுதான் ஆரம்பம்."

"அப்போ கடைசிச் சரணம் மட்டும் என்னன்னு சொல்லுங்க சார்."

கம்பியில் சிரிப்பு கேட்டது. "அதுதான் ஐயா பிரமாதம்! நான் சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும். நாளைக்குக் கேளும்." வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்க் நிரம்பி வழிந்தது. பலகையில் அவன் எழுதாவிட்டால் என்ன, தங்கள் குப்பத்துப் பொம்பளை ரேடியோவில் பாடப்போகிறாள் என்ற சேதி எண்ணூர் வரைக்கும் போயிருந்தது. ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். பெண்கள் மணலில் வட்ட வட்டமாக உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மா முன் வட்டத்தில், தலை குனிந்து. மீன் கவிச்சியும் மல்லிகைப்பூவும் பீடிப் புகையும் கடல் காற்றில் கலந்து வீசின. நீலாவிடம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே இரு, யார் கூப்பிட்டாலும் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே வராதே என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் தலையாட்டியிருந்தாள்.

செய்தி வாசித்தார்கள். எங்கேயோ அணை கட்டுகிறார்களாம். கடல் அமைதியாக இருக்குமாம். நூல் அறிமுகத்தில் யாரோ மூக்கால் பேசினார்கள். ரகுபதி சிமெண்ட் அறையின் வாசலில் நின்றான். வலது கையில் சாவி. இடது கை பெட்டியின் குமிழ் மேல். ஒரு திருகு திருகினால் போதும், பாட்டு நின்றுவிடும். பழுதாகிவிட்டது என்று சொன்னால் ஊர் ஏசும், ஏசட்டுமே.

ஆனால் இங்கே மட்டும் பாட்டு நின்றால் போதுமா? பட்டணம் பூராவும் பாடும். பாட்டு எப்படி முடிகிறது என்று தெரியாமலே போய்விடும். தண்ணீரா, காய்ச்சலா, தொட்டில் கயிறா? எதற்குக் காவல் இருப்பது? தெரிந்தால் தடுக்கலாம். கடைசிச் சரணத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிடலாம். நாலு தெருதான்.

குமிழை அவன் திருகவில்லை.

"அடுத்து, கடலோரக் கலைகள்," என்றது குழாய்.

கோவிந்தம்மாவின் குரல் கம்பத்தின் மேலிருந்து இறங்கியது. கீழே கோவிந்தம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கொலுசு. பச்சைக் குல்லா. எறும்பு. ஒவ்வொன்றாக வந்து போயிற்று. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டார்கள். பழக்கம் அது. ஒப்பாரி கேட்டால் கை தானே போகும்.

குரல் ஒரு மூச்சு வாங்கியது. பின்னணியில் யாரோ ஓடும் செருப்புச் சத்தம். சோடா வாங்க ஓடியவனின் செருப்பு.

*ஊருசனம் கூடி நிக்க – என் ராசாவே
சாவி வச்சு அப்பன் நிக்க*

ரகுபதி சாவியை இறுக்கிப் பிடித்தான்.

*மாருல நான் சாச்சிகினு – என் ராசாவே
மணல்வழியே வந்தேனேடா*

இல்லை. தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.

*அழுவாம வந்தியேடா – என் ராசாவே
ஆத்தா நான் அறியலையே
அப்பன் கேட்டு நின்னானே*

குமிழைத் திருகினான். பாட்டு நின்றது. முடிந்துதான் நின்றது.

யாரும் ஏசவில்லை. முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மா மெதுவாகக் கூந்தல் முடிச்சை அவிழ்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் அவிழ்த்தாள். அதற்கு அடுத்தவளும். பிறகு ஒருவரும் சொல்லாமலே நகர்ந்து, வட்டத்தின் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்கள்.

ரகுபதி திரும்பினான்.

பார்க் வாசலில் நீலா வந்துகொண்டிருந்தாள். நல்ல புடவை உடுத்தி, தலையில் பூ வைத்து. புருஷன் கொண்டுவந்த நிகழ்ச்சியைக் கேட்கத் தெருவே போகும்போது அவள் மட்டும் எப்படி வீட்டில் இருப்பாள்? முகமெல்லாம் சிரிப்பு. கூட்டம் அவளுக்கு வழி விட்டது.

"கோச்சுக்காதீங்க," என்றாள் தூரத்திலிருந்தே. "வூட்ல ஒரே புழுக்கம். அழுதுகினே இருந்தான். வெளிய தூக்கியாந்ததும் அடங்கிட்டான் பாருங்க. வழியெல்லாம் ஒரு சத்தம் இல்ல. சமத்து."

பச்சைக் குல்லா அவள் தோளில் சாய்ந்திருந்தது. ஒரு சின்னக் கால் துணிக்கு வெளியே தொங்கியது. அவள் மணலில் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது இப்படியும் அப்படியும் ஆடியது. ஆறு மணிகள் மட்டும் சிணுங்கிக்கொண்டே அவனிடம் வந்தன.