பதினான்கு லட்சம், கொஞ்சம் முன்னே பின்னே

பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில் ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடிவிட்டார்கள். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் துணிக்குப் பதிலாக அட்டை. அந்த அட்டையில் டீச்சர் ஊசியால் ஒரு குத்துக் குத்தினார்.

எதிரே சாய்த்து வைத்திருந்த வெள்ளைப் பலகையில் வெளிச்ச வட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அது ஓட்டையோட வெளிச்சம்தானே டீச்சர்?" என்று கேட்டாள் தும்பி. ஒரு இடத்தில் நில்லாதவள் என்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

"ஊசி ஓட்டை இவ்வளவு பெரிசாவா இருக்கும்? அது சூரியன். சூரியனோட படம்."

அண்ணாந்து பார்த்தாலே கண்ணைக் கூச வைக்கிற சூரியன், இப்போது கைக்கெட்டும் தூரத்தில், தொட்டாலும் சுடாமல் இருந்தது.

"ஓட்டைக்கும் பலகைக்கும் நடுவுல நாலாயிரத்து முந்நூறு மில்லிமீட்டர். அளந்துட்டேன். சூரியன் பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இந்த வட்டத்தோட அகலத்தை மட்டும் நீங்க அளந்து சொல்லுங்க. இந்தத் தூரத்துல வட்டம் எத்தனைல ஒரு பங்கோ, அந்தத் தூரத்துல சூரியனும் அத்தனைல ஒரு பங்குதான். சூரியன் எவ்வளவு பெரிசுன்னு கணக்குப் போட்டுடலாம்."

சுவரோரம் ஏணியில் பெயிண்டர் காத்திருந்தார். ஏழாம் வகுப்பு கண்டுபிடிக்கும் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதுவது அவர் வேலை. "சீக்கிரம் பிள்ளைங்களா, பெயிண்ட் காயுது" என்றார்.

முதலில் வந்தவன் புலி. கணக்கில் புலி, அதனால் புலி. தன் மர ஸ்கேலை வட்டத்தின் மேல் வைத்து ஐந்து முறை அளந்தான்.

"நாப்பத்தி மூணு. நாப்பத்தி மூணு. அஞ்சு தடவையும் நாப்பத்தி மூணு!"

அடுத்து தும்பி, தன் பிளாஸ்டிக் ஸ்கேலோடு. அவளுக்கு முப்பத்தெட்டு வந்தது. பிறகு நாற்பத்திரண்டு. பிறகு நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று.

"சூரியன் என்ன பலூனா? ஊதி ஊதி இளைக்கிறதுக்கு?" என்றான் ஒருவன். கூடமே சிரித்தது. தும்பிக்குக் காது சூடாகிவிட்டது.

"புலி கணக்குப்படி பாத்தா பதினஞ்சு லட்சம் கிலோமீட்டர்! முழு எண்!" என்று யாரோ கத்த, பெயிண்டர் பிரஷை நனைத்தார்.

தும்பி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: வட்டம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஓசையில்லாமல், நத்தையைப் போல, பலகையில் நகர்ந்துகொண்டிருந்தது.

"டீச்சர், அது போகுது!"

"அது போகல. நாமதான் சுத்திக்கிட்டிருக்கோம், பூமியோட சேர்ந்து."

தும்பி தன்னையறியாமல் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இந்த விளிம்பில் ஸ்கேலை வைத்து அந்த விளிம்பைப் பார்ப்பதற்குள் பூமியே சுழன்றுவிடுகிறது! தன் எண்கள் ஏன் ஆடின என்று இப்போது புரிந்தது. புலிக்குக் கை வேகம், கண் கூர்மை. அவன் தப்பித்தான்.

அப்படியானால் அவன் எண்தானே சரி? ஆனாலும் மனதில் ஏதோ உறுத்தியது.

"புலி, உன் ஸ்கேலைக் கொஞ்சம் குடேன்."

வாங்கி அளந்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்தைந்து, நாற்பத்துமூன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துநான்கு.

'என் கை ஆடுது, சரி. ஆனா இந்த ஸ்கேல்ல மட்டும் ஏன் மூணு தள்ளி நின்னு ஆடுது?'

ஸ்கேலைக் கண்ணருகே கொண்டுபோனாள். முனை மழுங்கியிருந்தது. பூஜ்யக் கோட்டையே காணோம். கூடவே மூன்று சின்னக் கோடுகளும் போயிருந்தன.

உரக்கச் சொல்லியிருக்கலாம். சிரித்தவர்களை வாயடைக்க வைத்திருக்கலாம். ஆனால் புலியின் முகம் அப்போதுதான் பூவாக மலர்ந்திருந்தது. அவன் காதோரம் போய், "இந்த முனையைப் பாரேன்" என்றாள்.

பார்த்தான். முகம் சுருங்கியது. "எங்க அண்ணனோட ஸ்கேல். மேசையில தாளம் போட்டே தேய்ச்சிருக்கான். அஞ்சு தடவையும் ஒரே மாதிரி வந்துச்சே!"

"ஒரே மாதிரி தப்பா வந்திருக்கு. என்னோடதும் ஒண்ணும் யோக்கியமில்ல, தாறுமாறா வந்திருக்கு. முனைதானே தேஞ்சிருக்கு? மத்த கோடெல்லாம் நல்லாத்தானே இருக்கு? பத்துல இருந்து ஆரம்பிச்சு அளந்து, பத்தைக் கழிச்சுக்கலாம். ஆனா முதல்ல வட்டத்தைப் பிடிக்கணும். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

புலி ஒரு நொடி யோசித்தான். பிறகு ஏணிப் பக்கம் திரும்பி, "எழுதாதீங்க! என் எண் தப்பு" என்று அவனே சொன்னான்.

தும்பி பலகையில் ஒரு தாளை ஒட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பென்சிலோடு வட்டத்தின் இரு பக்கமும் நின்றார்கள்.

"இப்ப!"

ஒரே நேரத்தில் இரண்டு புள்ளிகள் விழுந்தன. சூரியன் நகர்ந்து போய்விட்டது. அதன் அகலம் மட்டும் தாளில் தங்கிவிட்டது. இனி அவசரமில்லாமல் அளக்கலாம்.

மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. பலூன் என்று கேலி செய்தவன்தான் முதலில் பென்சிலோடு ஓடி வந்தான். இருவர் இருவராக வந்து தாள்மேல் தாளாகக் குறித்தார்கள். புலி பத்திலிருந்து அளந்து வாசித்தான். நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது.

தும்பி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவருக்குக் கொஞ்சம் கூடுகிறது, இன்னொருவருக்குக் கொஞ்சம் குறைகிறது. ஆனாலும் எல்லா எண்களும் சொல்லிவைத்தாற்போல நாற்பதைச் சுற்றியே வந்து நின்றன. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"கிட்டத்தட்ட பதினாலு லட்சம் கிலோமீட்டர்" என்று புலி கணக்குப் போட்டான்.

"சரியா பதினாலா?" என்றார் பெயிண்டர்.

"கொஞ்சம் முன்ன பின்ன" என்றாள் தும்பி.

"அதையுமா எழுதணும்? முன்ன பின்னன்னு இதுவரைக்கும் எந்தச் சுவத்துலயும் எழுதினதில்லையே!"

"எழுதுங்க. அதையும் சேர்த்துத்தானே அளந்தோம்."

பெயிண்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். பெயிண்டரும் அப்படியே எழுதினார். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த நாற்பது மில்லிமீட்டர் சூரியனையும் மஞ்சளில் வரைந்தார்.

"பக்கத்துல பூமியையும் போட்டுடவா? எவ்வளவு பெரிசு?"

புலி புத்தகத்தைப் புரட்டி மனக்கணக்குப் போட்டான். பிறகு மெல்லச் சொன்னான். "ஒரு மில்லிமீட்டர்ல பாதிகூட இல்ல."

"அவ்வளவு சின்ன பிரஷ் என்கிட்ட கிடையாதுப்பா."

தும்பி தன் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் வட்டத்துக்குப் பக்கத்தில் முனையை லேசாக வைத்து எடுத்தாள்.

எல்லோரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். கடல்கள், மலைகள், ஊர்கள், இந்தக் கூடம், கூடத்துக்குள் அவர்கள் எல்லாம் அந்தப் புள்ளிக்குள் இருந்தார்கள்.



"கொஞ்சம் பெரிசா வச்சிட்டியோ?" என்று புலி கிசுகிசுத்தான்.

"ஆமா, கொஞ்சம் பெரிசுதான்" என்றாள் தும்பி, கண்ணை எடுக்காமல். "இதுக்கு மேல பென்சிலைச் சீவ முடியலடா."